பெயரை மறைத்தாலும் ஆள் தெரிய வேண்டும்: ஆறாம் ஆண்டுப் பிரியாவிடைப் புத்தகம் செய்யும் முறை

மலேசியாவின் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் ஆண்டு என்றால் எட்டுப் பேர், பதினொரு பேர், மிஞ்சினால் பதினைந்து பேர். 150 மாணவர்களுக்கும் குறைந்த பள்ளிகளைக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் பாலர் பள்ளி தொடங்கி ஒரே கூட்டமாக, ஒரே வேனில் வந்து போனவர்கள். அடுத்த ஆண்டு சிலர் இடைநிலைப் பள்ளியின் படிவம் ஒன்றுக்கும் சிலர் அதற்கு முந்தைய ஓராண்டுப் புகுமுக வகுப்புக்கும் போவார்கள். ஓரிருவர் விடுதிப் பள்ளிக்குப் போகலாம். ஆளுக்கொரு திசை. அதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் உடன் படித்தவர்களே எழுதி, படத்துடன் ஒரு சிறு புத்தகமாகக் கையில் கொடுத்தால் அது ஆயுளுக்கும் அவர்களிடம் இருக்கும். கோப்பை துருப்பிடிக்கும், சான்றிதழ் கோப்புக்குள் போய்விடும். இந்தப் புத்தகத்தை எடுத்து எடுத்துப் படிப்பார்கள்.

சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்துப் பள்ளி ஒன்றில் முதன்முறையாக இதைச் செய்யப்போகும் ஆசிரியருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும் எழுதியது இது. கணக்குகளைப் பதினொரு பிள்ளைகளுக்குப் போட்டிருக்கிறோம். உங்கள் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

எப்போது தொடங்குவது

ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யுபிஎஸ்ஆர் இருந்த காலத்தில் செப்டம்பரில் தேர்வு முடிந்துவிடும். ஆண்டிறுதி விடுமுறை வரை பிள்ளைகளுக்கும் ஆசிரியருக்கும் கை ஓய்வாக இருக்கும். 2021இல் அந்தத் தேர்வை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆண்டிறுதித் தேர்வு பள்ளி முடியும் நேரத்தை ஒட்டி வருகிறது. அதற்குப் பிறகு தொடங்கினால் அச்சகத்தில் போய் நின்று கெஞ்ச வேண்டிவரும். பிரியாவிடை நாளுக்கு எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள். இரண்டு வாரம் செய்தி சேகரிக்க, இரண்டு வாரம் எழுதித் திருத்த, ஒரு வாரம் படம் எடுக்க, ஒரு வாரம் பக்கம் கட்ட. மீதி இரண்டும் அச்சுக்கு. எழுத்து வேலை முழுவதும் தேர்வுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

தொடங்கும் நாளிலேயே தலைமையாசிரியரிடம் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். பிள்ளைகளின் படத்தை அச்சிடப் பெற்றோர் கையெழுத்திட்ட ஒரு தாளும் வேண்டும். இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட்டால் யாரோ ஒருவருடைய தாள் வராது, அந்தப் பிள்ளையின் பக்கம் படமில்லாமல் நிற்கும்.

பக்கக் கணக்கு

நடுவில் பின் அடித்த ஏ5 புத்தகம்தான் இதற்குச் சரியான அளவு. ஏ4 தாளை மடித்தால் நான்கு பக்கம் வருவதால் மொத்தப் பக்கம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிரெதிர் இரண்டு பக்கம்: இடப்பக்கம் படம், வலப்பக்கம் எழுத்து. பதினொரு பேருக்கு 22 பக்கம். முகப்புப் பக்கம் 1, பள்ளியைப் பற்றி 2, வகுப்பாசிரியர் எழுதுவது 1, கையெழுத்து வாங்க வெற்றுப் பக்கம் 2. ஆக 28 பக்கம், ஏழு தாள். அட்டை தனி.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. முகப்புக்கு அடுத்து, இரண்டாம் பக்கத்தில், மரியாதைக்காக ஆசிரியர் உரையைப் போட்டுவிடுவார்கள். பிள்ளைகள் மூன்றாம் பக்கத்தில் தொடங்குவார்கள். மூன்று ஒற்றைப்படை, வலப்பக்கம். அதன் பிறகு ஒவ்வொரு பிள்ளையின் எழுத்தும் அவன் படத்துக்கு எதிரே வராமல் தாளின் பின்புறம் போய்விடும். படத்துக்கு எதிரே வேறொருவனைப் பற்றிய எழுத்து நிற்கும். அதனால் பிள்ளைகளை இரண்டாம் பக்கத்தில் தொடங்கி 23இல் முடியுங்கள். 24, 25 பள்ளிக்கு, 26 ஆசிரியருக்கு, 27, 28 வெற்றுப் பக்கங்கள். ஆசிரியர் உரை பின்னால் போவதில் குறை ஒன்றும் இல்லை. புத்தகம் பிள்ளைகளுடையது.

பிள்ளைகளை வரிசைப்படுத்த அகர வரிசை போதும். மதிப்பெண் வரிசை, மாணவர் தலைவர் முதலில் என்பதெல்லாம் வேண்டாம்.

துண்டுச் சீட்டு

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நேராக எழுத உட்கார வைத்தால் எல்லாப் பிள்ளையும் ஒரே கட்டுரையைத்தான் எழுதும்: "இவள் மிகவும் அன்பானவள். எல்லாரிடமும் நன்றாகப் பழகுவாள். படிப்பில் கெட்டிக்காரி. எதிர்காலத்தில் சிறந்த மருத்துவராக வாழ்த்துகிறேன்." பிழை ஏதும் இல்லை. பெயரை மட்டும் மாற்றினால் பதினொரு பேருக்கும் பொருந்தும் என்பதுதான் அதன் குறை.

எனவே முதலில் எழுத வைக்காதீர்கள், சேகரிக்க வையுங்கள். ஒவ்வொருவரும் மற்ற பத்துப் பேரைப் பற்றியும் ஆளுக்கொரு சீட்டு எழுத வேண்டும். மொத்தம் 110 சீட்டு. ஒரு சீட்டில் ஒரே ஒரு செய்தி. "எப்படிப்பட்டவன்" என்று கேட்டால் பதில் வராது. இப்படிக் கேளுங்கள்: கண்டீனில் முதலில் எதை வாங்குவான்? எதை அடிக்கடி தொலைப்பான், யாரிடம் இரவல் கேட்பான்? டீச்சர் கேள்வி கேட்கும்போது எங்கே பார்ப்பான்? தோற்றால் என்ன செய்வான்? ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லும் சொல் எது? உனக்கு அவன் செய்த ஒரு காரியம் என்ன? ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, பத்து நிமிடம், அன்றைக்கு இருவரைப் பற்றி மட்டும். ஒரே நாளில் 110 சீட்டையும் முடிக்கப் பார்த்தால் கடைசி ஐம்பதில் "நல்லவன்" என்றே வரும்.

சீட்டுகளைப் பிள்ளைவாரியாக உறையில் போட்டு வையுங்கள். வாரக் கடைசியில் உறைகளைப் பிரித்துப் பாருங்கள். எந்த உறை வறண்டு கிடக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். அது எப்போதும் வாய் திறக்காத பிள்ளையின் உறையாகத்தான் இருக்கும். பத்துச் சீட்டிலும் "அமைதியானவன்" என்று இருக்கும்.

அந்தப் பிள்ளைக்காகப் பள்ளியின் மற்றவர்களிடம் போங்கள். வேன் ஓட்டும் அங்கிளுக்கு யார் வாசலில் தயாராக நிற்பான், யாருக்கு ஹாரன் அடிக்க வேண்டும் என்று தெரியும். கண்டீன் அக்காவுக்கு யார் காசை எண்ணி எண்ணி வாங்குவான், யார் தம்பிக்கும் சேர்த்து வாங்குவான் என்று தெரியும். பாதுகாவலர், பாலர் பள்ளி ஆசிரியை, இரண்டாம் ஆண்டில் படிக்கும் தங்கச்சி, இவர்களையும் விடாதீர்கள். பிறகு மூன்று நாள் ஓய்வு நேரத்தில் நீங்களே அந்தப் பிள்ளையின் கையைக் கவனியுங்கள். பேசாத பிள்ளை கையால் ஏதாவது செய்துகொண்டே இருக்கும். மழை நாளில் வகுப்பு வாசலில் குவிந்து கிடக்கும் கறுப்புச் சப்பாத்துகளை ஒருவன் ஜோடி ஜோடியாகச் சுவரோரம் ஒதுக்கி வைக்கிறான், யாரும் சொல்லவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் பக்கத்துக்கு அது போதும்.

யார் யாரைப் பற்றி எழுதுவது

குலுக்கிப் போடுங்கள். நெருங்கிய கூட்டாளியையே எழுத விட்டால் இருவருக்கு மட்டும் புரியும் கேலியாக முடியும். யாருக்கும் கூட்டாளி இல்லாத பிள்ளை ஒன்றும் மிஞ்சும். சீட்டை எடுத்த பின் "எனக்கு இவன் வேண்டாம்" என்று மாற்றிக்கொள்ள விடக் கூடாது. சற்று முன் சண்டை போட்டவனைப் பற்றி எழுதுகிறவன்தான் பல நேரம் மிக நன்றாக எழுதுகிறான், அவனை அவ்வளவு கூர்ந்து கவனித்திருப்பான். அண்ணன் தங்கை, இரட்டையர் ஒருவருக்கொருவர் விழுந்தால் மட்டும் மறுபடி குலுக்குங்கள்.

சீட்டு எடுத்தவனிடம் உறையைக் கொடுங்கள். உறையில் இருப்பவற்றில் மூன்றை எடுத்து, தனக்குத் தெரிந்த ஒன்றைச் சேர்த்து, 120 முதல் 150 சொல்லுக்குள் எழுத வேண்டும். 12 புள்ளி எழுத்தில் ஏ5 பக்கத்தில் இது காற்றோட்டமாக உட்காரும். எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே நீளம் இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருங்கள். பெற்றோர் வரியை எண்ணுவார்கள், பிள்ளைகளும் எண்ணும். ஒருவனுக்குப் பதினெட்டு வரி, இன்னொருவனுக்கு ஒன்பது வரி என்றால் அந்த ஒன்பதில் என்ன எழுதியிருந்தாலும் அது ஏறாது.

எழுதும் விதம்

முதல் வரியிலேயே ஒரு பொருளோ செயலோ வர வேண்டும். பிறந்த நாள், வயது, பொழுதுபோக்கு, லட்சியம் எல்லாம் தேவையானால் படத்தின் கீழ் சிறிய எழுத்தில் போகட்டும். முன்னே காட்டிய "அன்பானவள்" பத்தி சீட்டுகளைப் பார்த்த பிறகு இப்படி ஆகலாம்:

"இவள் பென்சில் பெட்டியில் எப்போதும் மூன்று அழிப்பான் இருக்கும். ஒன்று அவளுக்கு, இரண்டு கேட்பவர்களுக்கு. கொடுக்கும்போதே, 'மூலைய தேய்க்காதலா' என்பாள். திரும்பி வரும்போது நாலு மூலையும் போயிருக்கும். தூக்கிப் பார்ப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். மறுநாள் கேட்டால் மறுபடியும் கொடுப்பாள்."

அன்பு என்ற சொல் இதில் இல்லை. ஆனால் வகுப்பில் யாரிடம் படித்துக் காட்டினாலும் பெயரைச் சொல்லிவிடுவார்கள். இதுதான் சோதனை: எழுதிய தாளில் பெயரை மறைத்து மூன்று பிள்ளைகளிடம் படித்துக் காட்டுங்கள். இரண்டு பேராவது யார் என்று சொன்னால் அது தேறியது. சொல்லாவிட்டால் உறைக்குத் திரும்புங்கள்.

எழுத்து நடை எழுத்துத் தமிழாக இருக்கட்டும். அந்தப் பிள்ளை சொல்வதை மட்டும் அவன் வாயில் வருகிறபடியே போடுங்கள். 'லா'வும் மலாய்ச் சொல்லும் கலந்துதான் பேசுவான். அதைத் திருத்தினால் குரல் போய்விடும். வகுப்புத் தோழர்கள் ஒருவரையொருவர் அவன், அவள் என்றே எழுதட்டும். 'அவர்' என்று மாற்றினால் நாளிதழ்ச் செய்தி மாதிரி விலகி நிற்கும். ஆசிரியர் தம் பக்கத்தில் 'நீ', 'நீங்கள்' என்று நேரில் பேசலாம்.

ஆசிரியரின் பேனா குறைவாகவே விழ வேண்டும். ர-ற, ன-ண, ல-ள-ழ, ஒற்று மிகும் இடம், இவற்றைத் திருத்துங்கள். வாக்கியத்தை அழகுபடுத்தாதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை எழுதியதில் "அறிவுச்சுடர்", "குலவிளக்கு" என்று வந்தால் அது வேறு யாரோ எழுதியது என்று எல்லாருக்கும் தெரியும். சொல்லவந்தது புரியவில்லை என்றால் எழுதியவனைக் கூப்பிட்டு, "அப்புறம் என்ன செய்தான்?" என்று கேளுங்கள். அவன் வாயால் சொல்வதையே எழுதச் சொல்லுங்கள்.

எழுதவே கூடாதவை

சிறிய ஊர். எல்லா வீட்டிலும் எல்லாரும் படிப்பார்கள். குடும்ப நிலைமை, அப்பா இல்லாதது, வீட்டில் பணக் கஷ்டம், உதவித் திட்டத்தில் இருப்பது, பிறப்புப் பத்திரச் சிக்கல் ஒன்றும் வரக் கூடாது, பரிவோடு எழுதினாலும் சரி. மதிப்பெண் வேண்டாம். யார் விடுதிப் பள்ளிக்குப் போகிறார், யார் புகுமுக வகுப்புக்குப் போகிறார் என்பதும் வேண்டாம். நிறம், உடம்பு, பல், திக்குவாய் இவற்றை ஒட்டிய பட்டப்பெயர் அடியோடு கூடாது. வேறு செல்லப்பெயர் இருந்தால் ஒரே ஓர் அளவுகோல்: அந்தப் பிள்ளை அந்தப் பெயரைத் தன் அம்மா முன்னால் சிரித்துக்கொண்டு சொல்லுமா? ஆணையும் பெண்ணையும் இணைத்துக் கிண்டல் செய்த சீட்டுகளை உறையில் போடும் முன்பே எடுத்துவிடுங்கள். தொலைபேசி எண், வீட்டு முகவரி, அடையாள எண் அச்சில் வேண்டாம். எண்ணைப் பகிர்ந்துகொள்ளத்தான் கடைசி வெற்றுப் பக்கங்கள் இருக்கின்றன.

அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்து அவன் பக்கத்தைப் படிக்கக் கொடுங்கள். எந்த வரியையும் எடுக்கச் சொல்லும் உரிமை அவனுக்கு உண்டு. காரணம் கேட்கக் கூடாது. எடுத்த வரிக்குப் பதில் உறையிலிருந்து வேறொன்றைப் போடுங்கள், நீளம் குறையாது.

நான்காம் ஆண்டிலோ ஐந்தாம் ஆண்டிலோ குடும்பம் வேலை தேடி வேறு ஊருக்குப் போய், பாதியில் பள்ளி மாறிய பிள்ளையை மறந்துவிடாதீர்கள். பள்ளிப் பக்கத்தில் அவர்களுக்கு ஆளுக்கு நான்கு வரி ஒதுக்கி, ஒரு பிரதியை அனுப்பிவையுங்கள்.

படம்

கைப்பேசி போதும். காலை எட்டரைக்குள் நடைகூடத்தில் எடுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், பிள்ளைக்குப் பின்னால் திடல் இருந்தால் முகம் இருண்டுவிடும். வெள்ளைச் சட்டையைப் பார்த்துக் கைப்பேசி தானாக வெளிச்சத்தைக் குறைக்கும், நம் பிள்ளைகளின் முகம் கறுத்துப்போகும். திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தை ஏற்றிக்கொள்ளுங்கள். அழகூட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். அது தோலை வெளுத்துக் காட்டும், பிள்ளையின் உண்மை நிறம் போய்விடும். அந்தப் படத்தைத்தான் அவன் காலமெல்லாம் பார்க்கப்போகிறான். நிறத்தில் யாரும் கை வைக்க வேண்டாம்.

உங்கள் கண் பிள்ளையின் கண் மட்டத்துக்கு வரும்படி குனிந்து, நான்கைந்து அடி தள்ளி நின்று, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். கிட்டப் போய் எடுத்தால் மூக்கு பெருக்கும். "சிரி" என்று சொல்லாமல், சீட்டில் இருந்த ஒரு செய்தியை அவனிடம் கேளுங்கள். பதில் சொல்லி முடித்த அடுத்த நொடி முகம் நன்றாக இருக்கும். ஏ5 முழுப் பக்கத்துக்கு 300 டிபிஐயில் 1748க்கு 2480 புள்ளி வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். பெற்றோர் படத்துக்குச் சம்மதிக்கவில்லை என்றால் ஒரு தோழன் வரைந்த ஓவியத்தைப் போடலாம். ஆனால் அப்போது எல்லாருக்கும் ஓவியமே போடுங்கள், ஒருவன் மட்டும் தனித்துத் தெரியக் கூடாது.

பள்ளிப் பக்கம்

இரண்டு பக்கத்தில் வகுப்புப் படம், ஆசிரியர் பெயர்கள், பள்ளியின் கதை. கதையைச் சுருக்கமாகவும் சரியாகவும் எழுதுங்கள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. நம் பள்ளிகள் பல இப்படி லயத்துப் பக்கத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையை ஒட்டி, முளைத்தவைதான். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, சனம் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தது, சில பள்ளிகளும் இடம் மாறின. ஆனாலும் பலகையில் தோட்டத்தின் பெயர் அப்படியே நிற்கிறது. உங்கள் பள்ளி எந்த ஆண்டு, எந்த இடத்தில் தொடங்கியது என்பதைப் பள்ளி ஆவணத்தில் பார்த்தே எழுதுங்கள். பெரியவர்கள் சொல்வதையும் கேளுங்கள், ஆண்டை மட்டும் தாளில் சரிபாருங்கள்.

பெயரும் எழுத்துருவும்

புத்தகத்தில் எந்தப் பிழை இருந்தாலும் மன்னிப்பார்கள், பெயர்ப் பிழையை மட்டும் மன்னிக்க மாட்டார்கள். பிறப்புப் பத்திரத்தில் ரோமன் எழுத்தில் இருப்பதைப் பார்த்து நீங்களாகத் தமிழாக்காதீர்கள். தினேஷா, தினேஸா, தாரணியா, தரணியா என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். ஒரு தாளில் பெயரைத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். பக்கம் கட்டிய பின் அந்தத் தாளோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

தட்டச்சு முழுவதும் யூனிகோடில் இருக்க வேண்டும். கணினியில் முரசு அஞ்சல், கைப்பேசியில் செல்லினம் எது கைக்கு வருமோ அது. பழைய குறியீட்டில் தட்டியது இன்னொரு கணினியில் குப்பையாகத் தெரியும். சில வடிவமைப்பு மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறும்: 'கொ' உடைந்து 'க'வுக்குப் பின்னால் கொம்பு நிற்கும். 'கொ', 'கோ', 'கௌ', 'ஸ்ரீ' நான்கையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அந்த மென்பொருளில் வேலையைத் தொடங்குங்கள். அச்சகத்துக்கு வேர்ட் கோப்பைக் கொடுக்காதீர்கள், அங்கே உங்கள் எழுத்துரு இருக்காது. எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் கொடுங்கள்.

அச்சு

பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு 22, ஆசிரியர்களுக்கு 9, மற்றப் பணியாளர்களுக்கும் வேன் அங்கிளுக்கும் 5, நூலகத்துக்கு 2, கைவசம் 4 என்று 42 பிரதி வரும். இந்த எண்ணிக்கைக்கு டிஜிட்டல் அச்சுத்தான் கட்டுப்படியாகும். இரண்டு மூன்று கடையில் விலை கேட்டுச் சங்கத்தில் வையுங்கள். உள்தாளின் கனம் 100 ஜிஎஸ்எம்முக்குக் குறைந்தால் பின்பக்கப் படம் எழுத்தில் நிழலாடும். அட்டை 250 ஜிஎஸ்எம். முதலில் ஒரே ஒரு பிரதி அடித்து வாங்கி, இரண்டு பேர் தனித்தனியாகப் படித்த பிறகே மீதிக்குச் சொல்லுங்கள்.

பணம் இல்லை என்றால் பள்ளி அச்சுப்பொறியே போதும். சிறுநூல் முறையில், தாளைக் குறுகிய பக்கமாகத் திருப்பும்படி அமையுங்கள். நீண்ட பக்கம் என்று விட்டால் தாளின் மறுபுறம் தலைகீழாக வரும். சாதாரண ஸ்டேப்ளர் நடுமடிப்பு வரை எட்டாது. நீண்ட கை ஸ்டேப்ளர் ஒன்றை இரவல் வாங்குங்கள்.

பிரியாவிடை நாளில்

எழுதியவனே மேடையில் படிக்கட்டும், எழுதப்பட்டவன் பக்கத்தில் நிற்கட்டும். 150 சொல் படிக்க ஒன்றரை நிமிடம். பதினொரு பேருக்கும் கைதட்டலோடு இருபத்தைந்து நிமிடம் ஒதுக்குங்கள். சிறப்பு விருந்தினர் உரைக்கு முன்பே இதை வையுங்கள், பின்னால் வைத்தால் நேரமில்லை என்று பாதியில் நிறுத்துவார்கள். முந்தைய நாள் ஒலிபெருக்கியில் ஒரு தடவை படித்துப் பழகட்டும். மேடையில் தொண்டை அடைத்துப் படிக்க முடியாமல் போகிற பிள்ளைக்காக ஆசிரியர் ஒருவர் இன்னொரு பிரதியோடு பக்கத்தில் நிற்க வேண்டும்.

நிகழ்ச்சி முடிந்ததும் கையெழுத்து வாங்கும் கூட்டம் தொடங்கும். கடைசி வெற்றுப் பக்கங்கள் பளபளப்புத் தாளாக இருந்தால் ஜெல் பேனா மை காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அச்சகத்தில் சொல்லும்போதே உள்தாள் பளபளப்பில்லாததாகக் கேளுங்கள், அன்றைக்கு மேசையில் இரண்டு டஜன் பந்துமுனைப் பேனா வையுங்கள். சீட்டு உறைகளைத் தூக்கிப் போடாதீர்கள். புத்தகத்தில் இடம் பெறாத நல்ல வரிகள் அதில் நிறைய இருக்கும். தகாதவற்றை எடுத்துவிட்டு அவரவர் உறையை அவரவரிடமே கொடுத்துவிடுங்கள்.